அண்ணி 'சரி' சொன்னால் சர்க்கரை கொடு

எங்கள் அண்ணியிடம் ஒரு 'சரி' வாங்குவதற்குள் கல்லில் நார் உரித்து, அதைக் கயிறாகவும் திரித்துவிடலாம். "மழை வரும்போல இருக்கு அண்ணி" என்றால், "எங்க வருது? சும்மா மூட்டம்" என்பாள். அதையே நான் மூட்டம் என்று சொல்லியிருந்தால், "நல்லா பாரு, கொட்டப் போகுது" என்றிருப்பாள். எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே கடையில் வேலை செய்து, இன்னும் ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்காமல் இருக்கிறோம் என்றால் காரணம் ஒன்றுதான். எங்கள் கடையில் முடியைப் பிடித்தால் காசு வாங்கியாக வேண்டும்.

கடை அண்ணியுடையது. பெண்கள் முடி வெட்டிக்கொள்ளும் கடை. மூன்று நாற்காலி, மூன்று பெரிய கண்ணாடி, தலை அலசும் தொட்டி ஒன்று. பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு அடுப்பு வைத்து, கை கால் முடி எடுக்கும் வேக்ஸை நாங்களே காய்ச்சுவோம். சர்க்கரையும் எலுமிச்சம்பழச் சாறும் தண்ணீரும் சேர்த்துப் பாகு பதத்துக்கு வந்தால் வேக்ஸ் தயார். அது என் இலாகா. தலை அலசுவதும் புருவம் திருத்துவதும் கூட நான்தான். கத்தரி மட்டும் அண்ணி கையை விட்டு இறங்காது. முறைக்கு அவள் எனக்கு அண்ணி, கடைக்கு முதலாளி, வயது இரண்டு பேருக்கும் ஒன்று. அதனால் எங்களுக்குள் நீ, வா, போ என்றுதான் பேச்சு.

வருகிறவர்கள் முடி வெட்டிக்கொள்ள மட்டும் வருவதில்லை, வாய்ச்சண்டை போடவும் வருவார்கள். "காதுக்கு மேல வெட்டிடுங்க" என்று ஒருத்தி உட்கார்ந்தால், அண்ணி கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். "உங்களுக்கு விரிஞ்ச காது. அத மறைக்கணும். வெளிய விட்டா உங்க வீட்டுக்காரரே யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நினைச்சுப்பாரு." அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிடும். ஆனால் வெட்டி முடித்ததும் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். அடுத்த மாதம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வாயைத்தான் எங்கள் அம்மாவும் முதலில் பார்த்தாள். அண்ணன் அவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அம்மா டீயும் பிஸ்கட்டும் வைத்தாள். அண்ணி அதைத் தொடுவதற்கு முன்னால் கைப்பையைத் திறந்து, பேனா மாதிரி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்குப் பதினோரு வயசிலேர்ந்து சுகர். மாத்திரைக்கு அடங்கற சுகர் இல்ல, ஊசி சுகர். தினமும் நாலு தடவை இன்சுலின் போட்டுக்கணும், இல்லாட்டி நான் இல்ல. சாகற வரைக்கும் இப்படித்தான். தெரியாம போச்சுன்னு பின்னாடி யாரும் சொல்லக் கூடாது, அதான் இப்பவே சொல்லிட்டேன். டீ ஆறுது, குடிக்கலாமா?"

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். பேச்சில் எப்போதும் பிரேக் பிடித்துத்தான் போவான். அன்றைக்கு அவள் பேசப் பேசப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "ஏண்டி, இந்தப் பொண்ணு பொய்யே சொல்லாது போலிருக்கே" என்றாள். அன்றைக்கே அம்மா பாஸ் மார்க் போட்டுவிட்டாள்.

குழந்தை விஷயத்திலும் அண்ணி ஆழம் தெரியாமல் காலை விடவில்லை. "உனக்கெல்லாம் எதுக்கும்மா குழந்தை, இருக்கறத வெச்சு சந்தோஷமா இரு" என்று அறிவுரை சொன்ன புண்ணியவதிகள் உண்டு. அதில் ஒருத்திக்கு நான் பதில் சொன்ன அழகில், அவள் இப்போது வேறு கடையில் முடி வெட்டிக்கொள்கிறாள். அண்ணி நேராக டாக்டரம்மாவிடம் போனாள். "முதல்ல சுகர ஒரு கட்டுக்குள்ள கொண்டு வா, அப்புறம் பிள்ளையப் பத்திப் பேசலாம்" என்றார் அவர். தட்டில் விழும் ஒவ்வொரு வாயையும் கணக்குப் பண்ணிச் சாப்பிட்டாள். விரல் நுனியையெல்லாம் குத்திக் குத்திச் சல்லடையாக்கிக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் இதே தவம். கடைசியில் டாக்டரம்மாவே, "இனி வெச்சுக்கலாம்" என்று சொன்னார். அதற்குப் பிறகு உண்டான பிள்ளை அது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைக்கு அஸ்திவாரம் தோண்டியவள் எனக்குத் தெரிந்து எங்கள் அண்ணி ஒருத்திதான்.

"இனிமேதான் கவனம்," என்றார் டாக்டரம்மா. "சுகர் ஏறினா பிள்ளைக்கு ஆகாது. ஏறக் கூடாதுன்னு அடக்கி அடக்கி வெச்சா, திடீர்னு கீழ விழும். அது உன்னையே கொண்டுபோயிடும். முதல் நாலஞ்சு மாசம் அடிக்கடி தாழும். வாந்தி வேற இருக்கும், போட்ட ஊசிக்குச் சோறு உள்ள தங்காது. இன்னொண்ணு, உன் உடம்பு முன்ன மாதிரி முன்கூட்டியே சொல்லாது."

அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. முன்பெல்லாம் சர்க்கரை தாழ்ந்தால் அவள் உடம்பு ஊரைக் கூட்டிவிடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். அவளே இரண்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவாள். இனி அந்த மணி அடிக்காமலே போகலாமாம். கண் சொருகும்வரை அவளுக்கே தெரியாதாம். கூட இருக்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி குணம் மாறும். சிலர் எரிஞ்சு விழுவாங்க, சிலர் அழுவாங்க. இவங்க எப்படி மாறுவாங்கன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். எரிந்து விழுவது அண்ணிக்குச் சாதாரண நாள், அதை வைத்து நான் என்னத்தைக் கண்டுபிடிப்பது? வியர்வையைப் பார்க்கலாம் என்றால், முடி உலர்த்தும் மெஷின் நாள் முழுக்க ஓடுகிற கடையில் வியர்க்காத ஆள் யார்?

அம்மா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். "ஒரு வருஷம் கடைய மூடிடும்மா. கை எடுத்துக் கும்பிடறேன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாங்க என்ன பண்ணுவோம்?"

"அதெல்லாம் நடக்காது அத்தை. வீட்ல படுத்திருந்தா மட்டும் சுகர் தாழாதா? அங்க நான் சுவத்தப் பாத்துட்டுப் படுத்திருப்பேன், என்னை யாரு பாத்துட்டிருப்பா? கடையில மூணு கண்ணாடி இருக்கு."

முடி வெட்டிக்கொள்கிறவள் வேறு எங்கே பார்ப்பாள்? தன் முகத்தையும் வெட்டுகிறவள் முகத்தையும்தானே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அம்மாவுக்குப் படவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். தினமும் ஒரே பதில்தான் வந்தது.

அண்ணி கண்ணாடிக்குக் கீழே இருந்த முதல் இழுப்பறையைக் காலி செய்தாள். விரல் குத்திப் பார்க்கும் மெஷின், சின்னச் சின்ன ஜூஸ் டப்பாக்கள், கொஞ்சம் மிட்டாய், சிவப்புப் பெட்டியில் சர்க்கரையை ஏற்றுகிற ஒரு அவசர ஊசி எல்லாவற்றையும் அதில் வைத்தாள். என்னை எதிரில் நிறுத்திக்கொண்டாள்.

"கேட்டுக்கோ நாத்தனாரே. எழுபதுக்குக் கீழ போனா ஒரு டப்பா குடிக்க வை. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி குத்திப் பாரு. ஏறலைன்னா மறுபடி குடு. நான் விழுங்கற வரைக்கும் வாய் வழி. நினைவு தப்பிட்டா வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது, மூச்சுல போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, இந்த ஊசியத் தொடையில போட்டுட்டு ஆம்புலன்ஸக் கூப்பிடு."

"அப்புறம்?"

"அப்புறம் அழு. அதுக்கு முன்னாடி அழுதேன்னா எழுந்து வந்து உதைப்பேன்."

அம்மா தன் வழியில் வேலையைத் தொடங்கினாள். வீட்டுச் சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பா காணாமல் போனது. பிஸ்கட் போனது, ஜாம் போனது. அம்மாவே டீயைக் கசக்கக் கசக்கக் குடித்தாள். "பிள்ளைத்தாச்சி கண்ல படற இடத்துல இனிப்பு எதுக்கு?" என்றாள். அண்ணன் எங்கோ நடுவழியில் லாரியை நிறுத்திக் கேக் தின்றதைப் போனில் உளறிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். மதியச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் அம்மா கடைக்கும் வருவாள். கண்ணாடியைத் துடைப்பாள். அந்த இழுப்பறையை அடுக்கி, தீர்ந்துபோன டப்பாக்களுக்குப் பதில் புதிது வைத்துவிட்டுப் போவாள். அந்த இழுப்பறை நிறைந்திருப்பதைப் பார்க்கவே எங்களுக்குத் தெம்பாக இருக்கும்.

மூன்றாவது மாதம் முடிகிற சமயம். மதியத்துக்குச் சற்று முன்னால், நடு நாற்காலியில் பேங்க் அம்மா உட்கார்ந்திருந்தார். பேங்கில் மேனேஜர், அதனால் எங்களுக்குப் பேங்க் அம்மா. அவருக்கு ஒரு தீராத ஆசை. நெற்றியில் விழுகிற மாதிரி முன்முடி வெட்டிக்கொள்ள வேண்டும். வருகிறபோதெல்லாம் கேட்பார். "உங்க நெத்தியே ரெண்டு விரல் அகலம். அதையும் மூடினா மூக்குக்குக் கூரை போட்ட மாதிரி இருக்கும்" என்பாள் அண்ணி. "அடிப்பாவி!" என்று பேங்க் அம்மா சிரிப்பார். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளவே அவர் கேட்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்காவது முன்னாடி வெட்டி விடேம்மா" என்றார் பேங்க் அம்மா.

"சரி" என்றாள் அண்ணி.

மடித்த துண்டு என் கையிலேயே நின்றது. பேங்க் அம்மாவுக்கே நம்ப முடியவில்லை. "நெஜமாவா சொல்றே?"

"நீங்க சொன்னா சரி."

கத்தரி ஒரு தடவை பேசியது. ஒரு கொத்து முடி பேங்க் அம்மாவின் மூக்குமேல் விழுந்தது. கண்ணாடியில் அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அண்ணியின் கண் எங்கள்மேல் இல்லை. முடியைத் தேடுகிற அவள் இடது கை, தலைக்கு ஒரு ஜாண் தள்ளிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏய், இங்க வாடி!" பேங்க் அம்மா கத்தினார். "இவ எனக்குச் சரிங்கறாடி! இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

பாய்ந்து போய்க் கத்தரியைப் பிடித்தேன். "குடு அண்ணி." "சரி." "உக்காரு." "சரி." "விரலக் காட்டு." "சரி." எங்கள் கத்தரிவாய் அண்ணியா இது? யாரோ ஒரு சாது அவள் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. விரலைக் குத்தினேன். நாற்பத்தைந்து.

டப்பாவை உடைத்துக் கொடுத்தேன். சமர்த்தாகக் குடித்தாள். எவ்வளவோ நேரம் போன மாதிரி இருந்தது, கடிகாரத்தைப் பார்த்தால் கால் மணிகூட ஆகவில்லை. பேங்க் அம்மா கழுத்தில் கட்டிய துணியோடும் பாதி வெட்டிய முடியோடும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் மணி ஆனதும் மறுபடி குத்தினேன். நாற்பத்தொன்று. ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது! இன்னொரு டப்பா கொடுத்தேன். அண்ணியின் தலை சாயத் தொடங்கியது. நான் கத்தினேன்.

"ஏன் ஏறல? குடிச்சாளே! என் கண்ணு முன்னாடிதானே குடிச்சா!"

பேங்க் அம்மா காலி டப்பாவைக் கையில் எடுத்தார். பத்திரத்தில் பொடி எழுத்தைப் படித்துப் படித்துப் பழகிய கண் அல்லவா. டப்பாவைத் திருப்பி, தூரமாகப் பிடித்துப் படித்தார். "அடியே, இதுல சர்க்கரையே இல்லடி. சர்க்கரை சேர்க்காததுன்னு போட்டிருக்கு. வெறும் இனிப்பு ருசி போட்ட தண்ணி!"

இழுப்பறையைக் கவிழ்த்தேன். எல்லா டப்பாவும் அதே. மிட்டாயும் அதே, சுகர்காரர்களுக்கென்றே செய்தது. யார் வைத்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நிமிஷம் அம்மா என் எதிரில் இல்லாதது இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிற்று.

சர்க்கரைக்கு எங்கே போவேன்? ஒரு பக்கம் செருப்புக் கடை, மறு பக்கம் எலெக்ட்ரிக் சாமான் கடை. சிவப்புப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணி இன்னும் எச்சில் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். விழுங்கற வரைக்கும் வாய் வழி. அவள் சொன்னது அவள் குரலிலேயே காதில் கேட்டது. அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. வேக்ஸ்! பின்னறையில் வேக்ஸ் காய்ச்ச ஒரு பை நிறையச் சர்க்கரை இருக்கிறது. வீட்டை விட்டே சர்க்கரையை விரட்டிய அம்மா அதை மட்டும் தொடவில்லை. அவளைப் பொறுத்தவரை அது தின்கிற சாமான் இல்லை, முடி பிடுங்குகிற சாமான்.

ஓடினேன். டம்ளரில் கைப்பிடி சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, வேக்ஸ் தடவுகிற புதுக் குச்சி ஒன்றால் கலக்கிக்கொண்டே வந்தேன். "குடி அண்ணி." இந்த முறை 'சரி'யும் வரவில்லை.

"அண்ணி, என்னைப் பாரு. விழுங்கு. நான் சொல்றேன்ல, விழுங்கு!"

ஒரு வாய் இறங்கியது. தொண்டை அசைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய் கொடுத்தேன். பேங்க் அம்மா போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டே அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். டம்ளர் காலியாயிற்று. நான் அழவில்லை. உதைப்பேன் என்று சொல்லியிருக்கிறாளே.

மெல்ல மெல்ல அந்தக் கண்ணுக்குள் ஆள் வந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், பேங்க் அம்மாவின் தலையைப் பார்த்தாள். புருவம் ஏறியது.

"யாருங்க உங்க தலைய இப்படிக் குதறி வெச்சது?"

பேங்க் அம்மா ஓவென்று அழுதுவிட்டார். அழுகையிலேயே சிரிப்பும் வந்தது. "நீதாண்டி ராசாத்தி, நீயேதான்!"

"நானா? செத்தாலும் நான் உங்களுக்கு முன்முடி வெட்ட மாட்டேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்களுக்கு அது பேங்க் அம்மாவின் முன்முடியோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. பழைய அளவு இன்சுலினே இப்போது அதிகம் என்று டாக்டரம்மா குறைத்து எழுதினார். அதற்குள் அம்மா மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தாள். நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நல்லது செய்யப் போய் ஆளையே கொல்லப் பார்த்தாயே என்றேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சுகர்காரிக்குச் சர்க்கரை இல்லாததுதானே நல்லதுன்னு நினைச்சேன். கடை கடையா ஏறி இறங்கி, கூடக் காசு குடுத்துல்லடி வாங்கினேன்..."

"நிறுத்து நாத்தனாரே!" கட்டிலிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். "அவங்களத் திட்டணும்னா நான் திட்டிக்கறேன். மாமியார் எனக்குத்தான்." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "அத்தை, எழுந்து மேல உக்காருங்க. வீட்ல நீங்க செஞ்சதெல்லாம் தப்பில்ல. அந்த இழுப்பறை மட்டும் வேற. அது தின்பண்டம் இல்ல, மருந்து. அதுல நிஜ சர்க்கரைதான் இருக்கணும். இனிமே அத நிரப்பற வேலை உங்களோடதுதான், வேற யாருக்கும் தர மாட்டேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மாமியார் உடைத்ததை மருமகள் அந்த ஒரு பேச்சில் ஒட்டிவிட்டாள். நானாக இருந்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன். அவள் வாய் நீளம்தான், ஆனால் எங்கே நீள வேண்டும், எங்கே மடங்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

அதற்கப்புறம் அம்மாவைக் கண்டால் கடைக்காரர்கள் ஒளிந்தார்கள். "இதுல சர்க்கரை இருக்கா? நிஜ சர்க்கரையா? எங்க போட்டிருக்கு, காட்டு" என்று டப்பா டப்பாவாகத் திருப்பிப் பார்ப்பாள். "சர்க்கரை ரொம்ப அதிகம்மா இதுல, உடம்புக்கு ஆகாது" என்று ஒருவர் சொல்ல, "அப்ப பத்து குடு" என்றாளாம். அவள் கைப்பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கும். ஆனால் கடையை மூடு என்கிற பாட்டை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அண்ணியும் நடக்காது என்கிற எதிர்ப்பாட்டை நிறுத்தவில்லை.

கடையில் அண்ணி ஒரு புதுச் சட்டம் போட்டாள். யார் வந்து உட்கார்ந்தாலும் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே சொல்வாள். "நான் உங்க முடியப் பாத்துக்கறேன், நீங்க என் மூஞ்சியப் பாத்துக்கோங்க. நீங்க சொல்றதுக்கெல்லாம் நான் தலையாட்டினா, உடனே என் நாத்தனாரக் கூப்பிடுங்க." வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்துவைக்கிற விஷயத்தை ஊருக்கே சொல்லி, ஊரையே காவலுக்கு வைத்துக்கொண்டாள். யாருக்கு வரும் அந்தத் தைரியம்?

பெண்கள் வேண்டுமென்றே சோதித்துப் பார்ப்பார்கள். "எனக்குப் பச்சைக் கலர் அடிச்சு விடுங்க" என்பாள் ஒருத்தி. "மொட்டை போட்டுக்கலாம்னு இருக்கேன்" என்பாள் இன்னொருத்தி. "போங்கடி, வேற வேலை இல்ல?" என்று அண்ணி சீறினால், அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார்கள். ஒரு தடவை காலேஜ் பெண் ஒருத்தி பிடித்தாள், இன்னொரு தடவை நான் பிடித்தேன். இரண்டு தடவையும் அம்மா வைத்த டப்பா சொன்ன வேலையைச் செய்தது. மாதம் ஏற ஏற உடம்பு இன்சுலினைக் கூடுதலாகக் கேட்டது, தாழ்வதும் குறைந்தது. வயிறு நாற்காலி முதுகில் இடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே முடி வெட்டினாள். பிறகு ஒரு சுழல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெட்டினாள்.

டாக்டரம்மா குறித்த தேதியில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குச் சுகர் இருந்தால் பிறந்த குழந்தைக்கும் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்று, அந்தப் பிஞ்சுக் குதிகாலில் நர்ஸ் குத்திப் பார்த்தாள். குழந்தை போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. தாயைப் போலப் பிள்ளை. "நல்லாயிருக்கு" என்றாள் நர்ஸ். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான். பிறகு எல்லோருக்கும் டீ வாங்கப் போய்விட்டான்.

அன்று பிற்பகல். அண்ணி சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அம்மா, கால்மாட்டில் நான். குழந்தையின் தலைமுடியைப் பார்த்தபடியே அம்மா மெதுவாகத் தன் பழைய பாட்டை எடுத்தாள்.

"இனிமேயாவது ஒரு வருஷம் கடைய மூடிட்டு இவளோட இரும்மா."

"சரி அத்தை" என்றாள் அண்ணி.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பிள்ளை பிறந்ததும் மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். கூடவே கோபமும் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கடையை மூடுகிறாளே, நான் எங்கே போவேன் என்று. எத்தனையோ மாதமாக அம்மா கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட வார்த்தை அது. அம்மாவின் முகம் ஒரு நொடி பூவாக மலர்ந்தது. அடுத்த நொடி வெளுத்தது.

"என்னம்மா சொன்னே?"

"நீங்க சொன்னா சரி அத்தை."

அம்மா எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. குழந்தையை வாரி என் மடியில் போட்டாள். "நர்ஸம்மா! ஓடி வாங்க!" என்று கத்திக்கொண்டே பையிலிருந்த பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். ஒரு கை அண்ணியின் பிடரியில், ஒரு கை டம்ளரில். "குடி கண்ணு. விழுங்கு. ஆங், இன்னொரு வாய். விழுங்கு."

நர்ஸ் வந்து குத்திப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. பிள்ளை பிறந்ததும் இன்சுலின் தேவை மளமளவென்று இறங்கிவிடும், பால் கொடுத்தாலும் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் இத்தனை சீக்கிரம் என்று யாரும் நினைக்கவில்லை. "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் நர்ஸ். "இப்பதான் வந்து பாத்துட்டுப் போனேன். நல்லாத்தானே பேசினாங்க?"

"நல்லா பேசினா" என்றாள் அம்மா. "அதான் பயந்துட்டேன்."

டம்ளர் காலியான பிறகும் அம்மா மருமகள் கையை விடவில்லை. நர்ஸ் மறுபடி குத்திப் பார்த்துவிட்டு, ஏறிவிட்டது என்று தலையசைத்தாள். அண்ணி கண்ணை இரண்டு தடவை சிமிட்டினாள். என் மடியைப் பார்த்தாள்.

"பிள்ளையோட கழுத்தப் பிடி நாத்தனாரே, துணி மூட்டையா அது? அத்தை, என்னமோ கேட்டீங்களே, என்னது?"

"கடைய ஒரு வருஷம் மூடச் சொன்னேன்."

"அதெல்லாம் நடக்காது."

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடக்க வேண்டாம்டி என் தங்கமே," என்றாள். "நடக்கவே வேண்டாம்."